தவுக்கேயின் வாயும் என் விசிலும்

எனக்குக் கூடைப்பந்து ஆட வராது. நடுவராவதற்கு அதுவே போதுமான தகுதி என்று பினாங்கில் அந்தக் காலத்தில் கருதப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பாதிரியார் திடலின் இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, உச்சியில் வளையம் மாட்டி, இது உடம்புக்கு நல்லது என்று எங்களைத் துரத்தினார். என் உயரத்துக்கு அந்த வளையம் கோபுரக் கலசம். நான் எறிந்த பந்து ஒருமுறையாவது உள்ளே போனதாக எனக்கு நினைவில்லை. கூட ஆடியவர்களுக்கும் இல்லை; கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதிரியார் வைத்திருந்த சட்டப் புத்தகத்தை நான் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துவிடுகிற வியாதி எனக்கு உண்டு. மருந்துப் புட்டியில் ஒட்டிய காகிதத்தைக்கூட விடமாட்டேன். மருந்தைத்தான் விட்டுவிடுவேன்.

பிற்பாடு நான் கடற்கரை வீதியில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி ஆனேன். ஊரில் குமாஸ்தா என்பதை இங்கே கிராணி என்பார்கள். சம்பளத்தில் வித்தியாசம் இல்லை. அந்த நாளில் சீனர்களின் சங்கங்களுக்கெல்லாம் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. சீனர்கள் எல்லாரும் ஒரே சீனர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டும். ஹைனான் தீவுக்காரர் பேசுவது கான்டன்காரருக்குப் புரியாது. கான்டன்காரர் பேசுவது ஹொக்கியன்காரருக்குப் புரியாது. புரிந்தாலும் நம்பமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு ஆட்டக் கட்சி. எந்தச் சீனர் விசிலை எடுத்தாலும், அவர் பாட்டி எந்த ஊர் என்று எதிர்க்கட்சி விசாரிக்கத் தொடங்கிவிடும். வெள்ளைக்காரரைக் கூப்பிட்டால் தேநீர் நேரம் வந்ததும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். மிஞ்சியவன் தமிழன். எல்லாருக்கும் சம தூரத்தில் இருப்பவன். எந்தக் கட்சிக்கும் மாப்பிள்ளை ஆக முடியாதவன். சட்டப் புத்தகத்தை வேறு படித்திருக்கிறான். விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

விசில் ஊதுவது சுலபம். உள்ளே ஆடுகிற பத்துப் பேரைச் சமாளிப்பதும் அப்படியொன்றும் சிரமமில்லை. அவர்களுக்கு மூச்சு வாங்கும், அதிகம் வாதாட முடியாது. கஷ்டமெல்லாம் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரால்தான். அவருக்கு மூச்சு வாங்காது. அவர் பயிற்சியாளர்.

இந்தக் காலத்து வாசகர் நம்பமாட்டார். ஆனால் அப்போது சட்டம் இதுதான். ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் தன் ஆட்களிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கை காட்டக்கூடாது. நடுவில் எடுக்கும் ஓய்வு நிமிடத்தில்கூட அவர் பெஞ்சில் இருந்தபடி வானத்தைப் பார்க்கவேண்டியதுதான். பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விடும்போது மட்டும் பேசலாம். மீறினால் டெக்னிக்கல் ஃபவுல்: எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் கூடைக்கு நேரே தனியாக நின்று, யாரும் குறுக்கே வராமல், ஒருமுறை பந்தை எறிவான். விழுந்தால் ஒரு புள்ளி. எங்கள் திடலில் இதற்கு 'வாய் ஃபவுல்' என்று பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த ஆட்டத்தில் வாயுள்ள பிள்ளைக்கு ஒரு புள்ளி நஷ்டம்.

இப்படி ஒரு ஆட்டத்துக்கு, ஹைனான்காரர் சங்கம் பயிற்சியாளராகப் பிடித்துப்போட்டது ஒரு காப்பிக்கடைத் தவுக்கேயை.

அவர் கடை துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது. முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். அவர் விஷயத்தில் அதற்கு மேசை துடைப்பவர், கல்லாவில் இருப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்துபவர் என்று பொருள். வாசலில் நின்றபடி வாடிக்கையாளர் கேட்பதை வாங்கி, நீளமான கடையின் கோடியில் உள்ள அடுப்படிக்கு ஒரே கூவலில் அனுப்புவார். காலையில் அந்த வழியே போகிற ரிக்‌ஷாக்காரர்கள் அந்தக் கூவலைக் கேட்டு மணி சொல்வார்கள். கத்துவது அவர் சுபாவமல்ல, தொழில். நாற்பது வருஷம் செய்த தொழிலை, மாலை ஐந்து மணிக்குத் தரையில் கிழித்த ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நிறுத்து என்றால் எப்படி?

அவர் நன்றாகத் தமிழ் பேசுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நம் ஆட்களிடம் கற்ற தமிழ். ஆகவே அதில் 'நீங்கள்' கிடையாது. மரியாதை விகுதிகள் மூட்டையில் வந்து இறங்குவதில்லை. போலீஸ் சார்ஜனும் நீதான், வட்டிக்கடைச் செட்டியாரும் நீதான். அவர் என்னை 'நீ' என்பதும் நான் அவரை 'நீங்க' என்பதும் எங்கள் இருவருக்கும் பொருத்தமாகவே இருந்தது. நான் தினமும் காலையில் அவர் கடையில் காப்பி குடிக்கிறவன். வயதிலும் அவர் மூத்தவர்.

முதல் ஆட்டத்தில் பந்து மேலே போன மறுகணமே அவர் எழுந்து நின்று அடுப்படிக்குக் கூவுகிற குரலில் கூவினார். ஊதினேன். அவர் திகைத்துப் போனார். யாரையும் திட்டவில்லையே, பையனுக்கு வழிதானே சொன்னேன் என்றார். அதுதான் குற்றம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திட்டலாமா என்று கேட்டார். அதுவும் கூடாது என்றேன். பிறகு எதற்கு இந்தப் பெஞ்சு என்றார். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மற்றக் கட்சிப் பயிற்சியாளர்கள் என்னைச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதினால் அச்சகத்தார் வாங்கமாட்டார்கள். தவுக்கே மட்டும் என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஊதினால் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டுகிறவனைத் தண்டிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் ஒரு பார்வை. அதற்குப் பிறகும் பேச்சு தொடர்ந்தால், பந்து மறுகோடிக்குப் போகும்போது பெஞ்சுப் பக்கமாக ஓடி, காதில் விழும்படி மெதுவாக ஒரு எச்சரிக்கை. அதற்கும் மேலே போனால்தான் விசில். என் பார்வைக்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. என் மனைவி அதைப் பசிப் பார்வை என்பாள். ஆனாலும் தவுக்கேயிடம் அந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அவரும் ஒழுங்காக மூன்றாவது படி வரைக்கும் வந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஆட்டத்தில் இருமினார். ஒரு இருமலுக்கு அவர் ஆட்கள் வலப்பக்கம் போனார்கள், இரண்டு இருமலுக்கு இடப்பக்கம். வைத்தியரைப் பாருங்கள் என்று காதோடு சொன்னேன், புரிந்துகொண்டார். அதற்கடுத்த ஆட்டத்தில் பக்கத்தில் ஐஸ் தண்ணீர் விற்கும் கிழவரிடம் சத்தமாகக் குடும்ப விஷயம் பேசினார். கிழவருக்குக் காது கேட்காது என்பது எனக்கு முன்பே தெரியும். பிறகு ஒருநாள் திடலில் காப்பி கேட்டுக் கூவ ஆரம்பித்தார். பால் விட்ட காப்பி இரண்டு, கறுப்புக் காப்பி ஒன்று என்று கூவினால், அவர் ஆட்களில் இருவர் முன்னே பாய்கிறார்கள், ஒருவன் பின்னே நிற்கிறான். காப்பி கேட்பது குற்றமில்லை. ஆனால் அந்தத் திடலைச் சுற்றி எங்கும் காப்பி கிடையாது. தினமும் அவர் கடையில் உட்கார்ந்து அதே கூவலைக் கேட்கிறவன் நான்; அவர் கேட்டதை அடுப்படி எப்படி அனுப்புமோ அதே வரிசையில் ஆட்டக்காரர்கள் நகர்ந்தார்கள். ஊதினேன்.

இப்படி அந்த வருஷம் அவர் கட்சி தோற்ற ஆட்டங்களெல்லாம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றவை. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து போனது என்று கண்டுபிடிக்கச் சங்கத்துப் பெரியவர்களுக்குச் சோதிடர் தேவைப்படவில்லை. கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு முறை இந்த வாயால் ஒரு புள்ளி போனால், பெஞ்சில் வேறு ஆள்.

அவருக்குச் சம்பளம் தருகிற வேலையல்ல அது. பந்து வாங்குவதிலிருந்து பையன்களுக்கு முட்டை போடுவது வரை அவர் கைக்காசுதான். ஆனால் ஐந்து மணி ஆனதும் கல்லாவைப் பூட்டிவிட்டு, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பெஞ்சுக்குப் போகிறாரே, அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது எப்பேர்ப்பட்ட உத்தியோகம் என்று. மனைவி இறந்தவர். பிள்ளை கிடையாது. அவர் கடையின் சமையல்காரன்தான் கட்சித் தலைவன். அடுப்படிக்காரன் தலைவனாவதா, பாங்கியில் வேலை செய்கிற நம் பையன் இல்லையா என்று பெரியவர்கள் முகத்தைச் சுளித்தபோது, இவன்தான் என்று சண்டை போட்டு நிறுத்தியவரும் அவரே.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பிஸ்கட் தகரத்தோடு. தகரத்தை வாங்கமாட்டேன் என்றேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, அந்தத் தகரத்துக்கு மனதுக்குள் விடை கொடுத்தது எனக்குத் தெரிந்தது.

"விசில் ஊதாதேன்னு கேக்க வரல, கிராணி," என்றார் தவுக்கே. "நான் பேசினா நீ ஊது. ஆனா பேசாம எப்பிடி உக்கார்றது? அத சொல்லு."

"அத என்கிட்ட கேக்கறீங்களே, தவுக்கே."

"ஆள் தெரியாமத்தான் கேக்குறாரு," என்றாள் என் மனைவி, கதவுக்குப் பின்னாலிருந்து.

நான் புத்தகங்களில் படித்த மௌனத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். மூச்சை அடக்குவது, மூக்கு நுனியைப் பார்ப்பது, மனதுக்குள் எண்ணுவது. தவுக்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எண்ண ஆரம்பித்தால் வாய்விட்டு எண்ணிவிடுவேன் என்றார். நான் பேசிக்கொண்டே போனேன். மௌனத்தைப் பற்றி அவ்வளவு நேரம் ஒருவரும் பேசியிருக்கமாட்டார்கள்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வெத்தலையப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லுங்க. எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா அதான் செய்வாரு. வாய் நெறைய சாறு இருக்கும்போது எப்பிடிப் பேசறது? தலைய நிமித்தி வெச்சுக்கிட்டு 'ம்' மட்டும்தான் சொல்ல முடியும்."

தவுக்கே முகம் மலர்ந்தது. "பாக்கா? எங்க தீவுல கெழவிங்க எல்லாம் அதான் போடும்லா. எங்க அம்மாவுக்குப் பல்லெல்லாம் கறுப்பு."

அன்றைக்கே என் மனைவி அவருக்குப் பாடம் எடுத்தாள். எவ்வளவு சுண்ணாம்பு, எந்தக் கன்னத்தில் அடக்குவது, துப்பாமல் எவ்வளவு நேரம் தாங்கும். நான் ஓரமாக உட்கார்ந்து, நடுவர் ஒரு கட்சிக்கு உதவுவது முறையா என்று கவலைப்பட்டேன். கவலைப்படுவதற்கு மட்டும் எனக்கு யாரும் கற்றுத் தரவேண்டியதில்லை.

மறுநாளே எதிர்க்கட்சிப் பயிற்சியாளரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு சீனப் பள்ளிக்கூடத்தின் டிரில் வாத்தியார், கான்டன்காரர். இரும்புக் கம்பியை விழுங்கியவர் போல நிமிர்ந்து இருப்பார். அவர் பெஞ்சிலிருந்து நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை. தமக்கு வெற்றிலை தேவையில்லை என்றும், தாம் பேசவேண்டியதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவது வழக்கம் என்றும் மலாயில் சொன்னார். அதன் பிறகு என் மனச்சாட்சி தூங்கியது. அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் தவுக்கே கடையிலேயே ஒத்திகை பார்த்தார். காலையில் நான் போனபோது, வாய் நிறைய வெற்றிலையோடு கல்லாவில் சிலைபோல் உட்கார்ந்திருந்தார். கடை குலைந்து கிடந்தது. வாசலில் கேட்டது அடுப்படிக்குப் போகவில்லை. கஞ்சி கேட்ட மூட்டை தூக்கும் ஆட்களுக்கு அவித்த முட்டையும், முட்டை கேட்ட கப்பல் துபாஷிக்குக் கஞ்சியும் வந்தன. ரிக்‌ஷாக்காரர்களுக்கு மணி தெரியவில்லை. சீனன் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் என்னிடம் மெல்லத் துக்கம் விசாரித்தார். அடுப்படியிலிருந்து சமையல்காரன் தலையை நீட்டி, கரண்டியோடு கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தவுக்கே என்னைப் பார்த்துத் தலையை நிமிர்த்தி, வெற்றியோடு 'ம்' என்றார்.

ஆட்டத்தன்று திடலைச் சுற்றி நிற்க இடமில்லை. ஹைனான்காரர் ஒரு பக்கம், கான்டன்காரர் ஒரு பக்கம். மற்றவர்கள் எந்தப் பக்கம் நிழல் இருந்ததோ அந்தப் பக்கம். தவுக்கே தம் கடையிலிருந்து எச்சில் படிக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். படிக்கம் கூடாது என்று எடுத்து வைக்கச் சொன்னேன். படிக்கம் இருந்தால் வாய் காலியாகும், வாய் காலியானால் பேச்சு வரும். சட்டப் புத்தகத்தில் இது இல்லை, அனுபவத்தில் எழுதிக்கொண்டது.

முதல் பாதியில் அவர் அசையவில்லை. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முட்டிகளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் முதலில் தடுமாறினார்கள். கொஞ்ச நேரத்தில், கேட்க ஒன்றும் வராது என்று தெரிந்ததும், தாங்களாகவே ஆடத் தொடங்கினார்கள். நன்றாகவும் ஆடினார்கள். தவுக்கேக்கு இதில் சந்தோஷமா வருத்தமா என்று அந்தக் கன்னத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. இடைவேளையில் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். இடைவேளை முழுவதும் அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. சட்டப்படி அதற்குத் தடையில்லை. பிறகு என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த இரண்டாவது பீடாவை வாய்க்குள் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி இழுபறி. ஒவ்வொரு கட்சியும் எடுக்கலாம் என்று அனுமதித்த ஓய்வுகளையெல்லாம் ஹைனான்காரர்கள் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். புள்ளிக் கணக்கு எழுதுகிறவர் சொல்ல, நான் சமையல்காரனிடம் போய், இனி உங்களுக்கு ஓய்வு இல்லை என்று சொன்னேன். தலையாட்டினான். அவன் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டுவான். மூச்சு அப்படி வாங்கியது. இல்லாத ஓய்வைத் தலைவன் கேட்டுவிட்டால் அதுவும் டெக்னிக்கல் ஃபவுல்தான். வாய் ஃபவுலுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை.

கடைசி நிமிடம். ஹைனான்காரர்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து சமையல்காரன் கையில். எதிரிகள் இருவர் அவனை மூலையில் நெருக்கிவிட்டார்கள். அவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். கண்ணில் ஒன்றும் இல்லை, வெறும் களைப்பு. ஒரு கையை உயர்த்தத் தொடங்கினான். ஓய்வு கேட்கப் போகிறான்.

எனக்குத் தெரிந்தது. பெஞ்சில் இருந்தவருக்கும் தெரிந்தது. வேறு யாரும் கவனித்ததாகத் தோன்றவில்லை. எல்லார் கண்ணும் பந்தின் மேல்.

அப்போது தவுக்கே செய்யவேண்டியது ஒன்றுமேயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். பையன் கேட்பான், நான் ஊதுவேன், புள்ளி போகும். போனது தலைவனால், பயிற்சியாளர் வாயால் அல்ல. பெஞ்சு அவருக்கு மிஞ்சும். அடுப்படிக்காரனைத் தலைவனாக்காதே என்று சொன்ன பெரியவர்கள், தாங்கள் சொன்னது சரி என்று வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் நான் இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். அவருக்குக் கிடைத்தது ஒரு கண் இமைப்பு.

எழுந்தார். கோடு வரை ஓடிவந்தார். நாற்பது வருஷம் அடுப்படிக்குக் கூவிய குரலில் கூவினார்.

வாயிலிருந்து வந்தது எந்த மொழியும் அல்ல. கோட்டருகே நின்றவன் நான். சாறு முழுவதும் என் வெள்ளைச் சட்டையின் மார்பில் வந்து இறங்கியது. நான் ஊதினேன். விசில் சத்தத்துக்குத் திரும்பிய கூட்டம், நடுவர் நெஞ்சில் சிவப்பாக வழிவதைப் பார்த்து எழுந்துவிட்டது. கிராணியைக் குத்திவிட்டான் என்று யாரோ தமிழில் சொன்னார்கள். டிரில் வாத்தியார் பஞ்சும் அயோடினும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வேகமாக நடந்தே நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றுமில்லை, வெறும் வெற்றிலை என்று மூன்று மொழிகளில் சொல்லவேண்டியிருந்தது. இந்தக் களேபரத்தில் சமையல்காரன் உயர்த்திய கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவன் ஆட்களுக்கு நல்ல ஓய்வும் கிடைத்தது.

பயிற்சியாளர் பேச்சு, டெக்னிக்கல் ஃபவுல் என்று அறிவித்தேன். கான்டன்காரன் எறிந்தான், விழுந்தது. சமம். கூடுதல் நேரம் ஆடியதில் ஹைனான்காரர் கட்சி தோற்றது.

மறுநாள் மாலை சங்கத்தின் மாடிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில். தவுக்கே ஒரு ஸ்டூலில். சமையல்காரன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். தவுக்கே எழுந்து கத்தியதைப் பார்த்தீரா என்று பெரியவர்கள் மலாயில் கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். என் சட்டையும் பார்த்தது என்று சேர்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. அத்தனை நேரம் வாயைக் கட்டியவர் அந்த நிமிடத்தில் கத்தக் காரணம் என்ன, நீர் பக்கத்தில் இருந்தவராயிற்றே என்று தலைமைப் பெரியவர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தவுக்கே என்னைத் தமிழில் பிடித்துக்கொண்டார். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

"கிராணி, பையன் கைய பத்திப் பேசாதே. பேசினா ஒனக்கு எங் கடைல காப்பி கெடையாது."

பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பித் தம் பாஷையில் ஏதோ சொல்லி, தம் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். இந்த வாய் அப்படித்தான் என்று சொல்லியிருக்கவேண்டும். தலைமைப் பெரியவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் தண்டித்தது கத்தியதற்காக; அதற்கு மேல் சொல்ல நடுவருக்கு ஒன்றுமில்லை என்றேன். நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசினேன் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

பெஞ்சு போய்விட்டது. சங்கத்தின் செயலாளர் பயிற்சியாளர் ஆனார். சமையல்காரன் தலைவனாகவே இருந்தான். தான் கை தூக்கப் போனது அவனுக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் இறங்கும்போது அவன் தவுக்கேக்குப் பின்னால் ஒரு படி விட்டு, அவர் குடையை வாங்கி வைத்துக்கொண்டு வந்தான். அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் ஐந்து மணிக்குத் தவுக்கே கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். தோய்த்த சட்டை போட்டுக்கொள்வதை மட்டும் விடவில்லை. நான் காப்பி குடிக்கப் போனால் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் ஆபீஸ் விஷயங்களைப் பேசினேன். கப்பல் கம்பெனியில் சுவாரசியமான விஷயம் எதுவும் நடப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷத்து முதல் ஆட்டம் அதே இரண்டு கட்சிகளுக்கும் இடையே. செயலாளர் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெற்றிலை தேவைப்படவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பந்தை மேலே எறிந்தேன். அது கீழே வருவதற்குள், பெஞ்சுக்கு எதிர்ப்பக்கத்தில், துறைமுகத்து ஆட்கள் நின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவிலிருந்து அந்தக் கூவல் எழுந்தது. பால் காப்பியும் இல்லை, இருமலும் இல்லை. நேரான ஹைனான் பாஷை. சமையல்காரன் இடப்பக்கம் பாய்ந்தான்.

கான்டன்காரர் கட்சித் தலைவன் ஓய்வு கேட்டு என்னிடம் வந்தான். வெளியே இருந்து ஒருவர் ஆட்டத்தை நடத்துகிறார், இது அனுமதிக்கத் தக்கதா என்பது கேள்வி. சட்டப் புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். கூட்டத்தில் ஒருவன் கல் எறிந்தால் வழியுண்டு. ஆட்டக்காரனை அடித்தால் வழியுண்டு. கத்தக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் பினாங்கில் யாரும் ஆட்டம் பார்க்க வந்திருக்கமாட்டார்கள். அவர் பயிற்சியாளர் அல்ல, பார்க்க வந்தவர் என்று தீர்ப்புச் சொன்னேன். ஆனாலும் மரியாதைக்காகக் கூட்டத்தின் பக்கம் போனேன்.

"கொஞ்சம் மெதுவா, தவுக்கே."

"நான் இப்ப யாரு?" என்றார்.

"வேடிக்கை பாக்க வந்தவங்க."

"அப்ப நீ போய் ஊது. நான் பாக்கறேன்."

திரும்பி நாலடி வைப்பதற்குள் முதுகுப் பக்கமிருந்து தமிழில் வந்தது.

"ஏ கிராணி, கண்ணு ரெண்டையும் ஆபீஸ் மேசைல வெச்சுட்டு வந்துட்டியா?"

துறைமுகத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்சியாளராக இருந்த காலம் முழுவதும் என்னை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் அவர். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை நிறுத்தவில்லை. என் கால், என் வழுக்கை, விசிலில் எச்சில் போயிருக்கிறதா என்பது, என் மனைவிதான் எனக்குப் பதிலாக வந்திருக்கவேண்டும் என்பது, எல்லாவற்றையும் எடுத்துப் பேசினார். நான் கொடுத்த ஒரு தீர்ப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் சமையல்காரன் ஒரு பந்தைத் தூரத்திலிருந்து எறிந்தான். வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. செல்லும் என்று கையை உயர்த்தினேன்.

"கள்ளத் தீர்ப்பு," என்று தவுக்கே கூவினார்.

அது அவருடைய கட்சிக்கே கிடைத்த புள்ளி என்று பக்கத்திலிருந்த ஒரு மூட்டைக்காரர் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.